கொடிக்கயிறும் 1979 அட்டையும்

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக் கண்காட்சியில் நடந்தது இதற்குள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வராந்தாவில் நான் கயிறு கட்டி, ஆண்டுவாரியாக அட்டைகளைக் கிளிப்பில் தொங்கவிட்ட படம்தான் எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றிவிட்டதே. சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது துணி காயப்போட்ட கொடி இல்லை, விண்வெளி வரலாற்றின் காலக்கோடு. சரி, கயிறு கொடிக்கயிறுதான், கிளிப்பும் துணிக் கிளிப்தான். என் கைக்காசில் வாங்கியது வேறு எப்படி இருக்கும்?

வருஷத்துக்கு ஓர் அடி. 1957-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கில் தொடங்கி 2023 சந்திரயான்-3 வரை 66 அடி, வராந்தா முழுக்க. அந்த அளவுதான் விஷயமே. புத்தகத்துப் பட்டியலில் எந்த இரண்டு ஆண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிதான் இடைவெளி. கயிற்றில் அது நடக்காது. ஸ்புட்னிக்கிலிருந்து பன்னிரண்டே அடியில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நிற்கிறார். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 திரும்புகிறது. அப்புறம் ஐம்பது அடி நடந்தாலும் மனிதர் நிலவில் கால்வைத்த அட்டை ஒன்றுகூட இல்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "மிஸ், அவ்ளோ சீக்கிரம் போனவங்க அப்புறம் ஏன் போகவே இல்ல?" என்றாள். பனிப்போர், பணம், போட்டி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது. கேட்க வைத்தது வெறுங்கயிறு.

"மனப்பாடம் செய்யவைக்கும் பழைய முறை" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். மனப்பாடத்தைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள்? ஸ்புட்னிக்குக்கு 1975, நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவுக்கு 1957 என்று மாற்றி எழுதிவிட்டு ஐம்பது முறை இம்போசிஷன் எழுதியவள் நான். அதே நான்கு எண்கள்தான், இடம் மாறிவிட்டன. நடுவில் பதினெட்டு வருஷம் கிடக்கிறது என்று அன்றைக்கு யாராவது காட்டியிருந்தால் மாறியிருக்குமா? வகுப்பே சிரித்தது. இப்போது படத்துக்குக் கீழே சிரிப்பதும் அதே சிரிப்புதான்.

காணொளி போட்டால் போதாதா என்கிறார்கள். போடுங்கள், நானும் போடுகிறேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டினால் சிலபஸ் முடியாது என்பது நியாயம்தான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

என்னைக் கொதிக்கவைத்தது வேறு. சிறப்பு விருந்தினர் 1979 அட்டையைக் கழற்றச் சொன்னாரே, அது. ஆகஸ்ட் 10, நம் எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதல் முயற்சியில் வங்கக் கடலில் விழுந்த நாள். "நம்ம தோல்வியை எதுக்கும்மா தொங்கவிடுறீங்க, பிள்ளைங்க மனசு சோர்ந்துடும்." பத்து நிமிஷம் முன்னால்தான் மேடையில் கலாமை மேற்கோள் காட்டிக் கைதட்டு வாங்கியிருந்தார். ஐயா, அந்த ராக்கெட்டின் திட்ட இயக்குநரே கலாம்தான்!

அடுத்த அட்டை 1980 ஜூலை 18, அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த நாள். இரண்டுக்கும் நடுவே ஓர் அடிகூட முழுதாக இல்லை. அந்த ஓர் அடிக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கும் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டாமா? 2019-இல் விழுந்த சந்திரயான்-2 லேண்டரிலிருந்து நாலடி தள்ளிச் சந்திரயான்-3 இறங்குகிறது. அதையும் கழற்றிவிடலாமா? 1967-இல் அமெரிக்காவின் அப்பல்லோ 1 தீயில் மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள், அதே ஆண்டு சோவியத்தின் சோயுஸ் 1-இல் கோமரோவ். அந்த இரண்டு அட்டைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவர் தோல்வி தொங்கலாம் போலிருக்கிறது.

"பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்கிறீர்கள். கேட்டுக்கொண்டேனே! என் கையால்தான் கழற்றினேன். அட்டை எழுதிய பையன் பக்கத்திலேயே நின்றான். ராக்கெட்டின் அடியில் ஆரஞ்சு ஸ்கெட்சில் தீ வரைந்திருந்தான். "தப்பா எழுதிட்டேனா மிஸ்?" என்று கேட்டான்.

இன்று ஞாயிறு. அட்டை என் கைப்பையில் இருக்கிறது. கிளிப் மட்டும் 22-ஆவது அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். நாளை மணியடிப்பதற்கு முன்னால் அவனை விட்டே மாட்டச் சொல்லப்போகிறேன்.