அவசரம் குணத்தை வெல்லுமா?
‘குணம் என்று ஒன்று இல்லை, சூழ்நிலைதான் எல்லாம்’ என்று வாதிடும் ஒரு கட்டுரைக்கு என் பதில் இது. அதற்குக் கட்டுரையாளர், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்து 1973-ல் வெளியான ஒரு உளவியல் சோதனையைக் காட்டுகிறார். வழியில் சுருண்டு கிடந்தவருக்கு, அவசரமில்லாத இறையியல் மாணவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், ரொம்ப அவசரத்தில் போனவர்களில் 10 சதவீதம் பேர்தான். சரி, அவர்கள் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் உவமையைப் படித்தவர்கள்தான், ஆனால் அப்படி உதவிப் பழகியவர்கள் என்று யார் சொன்னது? வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், துணிச்சலும் அப்படித்தான் என்பது அரிஸ்டாட்டில் கட்சி. எங்கள் குளச்சல் பக்கம் கடலில் எஞ்சின் நின்ற வள்ளத்தைக் கண்டால் அப்பா பாதி வலையோடு மீன்பிடிப்பைக் கைவிட்டு அதைக் கட்டி இழுத்து வருவார், மண்ணெண்ணெய்க் காசுகூட கேட்க மாட்டார். (அண்ணன் அதற்குத் திட்டுவான். இப்போது அவனும் அதையே செய்கிறான்.) அங்கே அவசரம் இல்லையா என்ன? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ‘2017 ஒக்கிப் புயலின்போது குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் சொந்தப் படகில், காணாமல் போனவர்களைத் தேடப் போனது சொந்தபந்தத்துக்காக’ என்று எழுதியிருக்கிறார். இருக்கலாம், ஆனால் கடலில் தத்தளிப்பவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்தா ஏற்றுவார்கள்? ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: அதே அப்பா கரைக்கு வந்தால் சீட்டுப் பணத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் தெருவே கேட்கச் சண்டை போடுவார். ‘இடம் மாறினால் குணமும் மாறுகிறதே’ என்று கட்டுரையாளர் இதைப் பிடித்திருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சிரமமாகியிருக்கும்.