எனக்கு மொய் எழுதினவங்களுக்கு

மொத்தம் 640 டாலர். ரெண்டே நாள்ல. மன்னார்குடியில என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ வேகமா மொய் விழல.

விஷயம் எல்லாருக்கும் தெரியும், மறுபடி ஆரம்பத்துலேர்ந்து சொல்லப் போறதில்ல. தீபாவளி விழா நடந்த பள்ளிக்கூடத்துப் பார்க்கிங்ல, கார்ல மாட்டி இழுத்துட்டுப் போற என் ட்ரெய்லர் வீடு நின்னுச்சு. கதவுல ஒரு துண்டு காய்ஞ்சுது. அதை ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து, "நம்ம தமிழ் அக்கா ஒருத்தங்க இந்த வயசுல வீடு வாசல் இல்லாம இதுலதான் தனியா கிடக்குறாங்க, முடிஞ்சதைச் செய்வோம்"னு வாட்ஸ்அப் குழுவுல போட்டு, கீழ கைகூப்புற பொம்மை நாலு. அப்புறம் ஆளாளுக்கு எனக்காகப் பணம் போட ஆரம்பிச்சதைத்தான் நீங்க எல்லாரும் பார்த்தீங்களே. அந்த நேரத்துல அந்த அக்கா உள்ள நின்னு இருநூறு பேருக்கு சாம்பார் ஊத்திட்டு இருந்தா. சாம்பார் வாங்கின யாராவது "அக்கா, உங்களுக்கு வீடு இல்லையா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல. வரிசையில நின்னுக்கிட்டே பணம் அனுப்பினவங்களும் இருக்காங்க, நேரத்தைப் பார்த்தேன்.

சரி, பொறுமையாவே சொல்றேன். எனக்கு வீடு இருக்கு. 13 அடி நீளம், மின்னசோட்டாவுல செஞ்ச ஸ்கேம்ப்ங்கற ட்ரெய்லர். கண்ணாடி இழையில மேல பாதி, கீழ பாதின்னு ரெண்டு ஓடா வார்த்து, கொழுக்கட்டை மாதிரி நடுவுல ஒட்டியிருப்பாங்க. பார்க்க முட்டை. சுமார் 1,500 பவுண்டு கனம், என் ஹைலேண்டர் கார் இழுக்கறதே தெரியாம இழுக்கும். பகல்ல மேசை, ராத்திரி அதையே இறக்கினா கட்டில். ரெண்டு அடுப்பு. கூரையில சோலார். மிக்ஸி ஓடுது, இட்லி மாவு அரைக்கிறேன், அரிசோனா வெயிலுக்கு நாலு மணி நேரத்துல பொங்கி வழியும். காலையில எட்டு மணிக்கு லேப்டாப் திறந்தா அஞ்சு மணி வரைக்கும் மெடிக்கல் கோடிங். சம்பளம் வருது, வரி கட்றேன். லிவிங்ஸ்டன், டெக்சாஸ்னு என் லைசென்ஸ்ல விலாசம் இருக்கு. 1978-ல ஆரம்பிச்ச எஸ்கேப்பீஸ்னு ஒரு சங்கம், என்னை மாதிரி சக்கரத்து மேல வாழற ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த ஊர்ல தபால் வாங்கி அனுப்புது. மூணே முக்கால் வருஷமா இதுதான் என் வாழ்க்கை. இது நானா எடுத்த முடிவு.

இதுல பாவம் எங்க வருது?

"உன் பாதுகாப்பை நினைச்சுதான்மா"ன்னு சொல்றவங்களுக்கு. ரொம்ப நன்றி. அந்த போட்டோவைக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க. நம்பர் பிளேட் தெளிவா தெரியுது. பள்ளிக்கூடத்துப் பேரு பின்னால தெரியுது. கூடவே "தனியா வாழறாங்க"ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுத்து வேற. தனியா தூங்கற ஒரு பொம்பளையோட வண்டி நம்பரையும் நிக்கிற இடத்தையும் 412 பேருக்கு அனுப்பிட்டு, என் பாதுகாப்புக்காக உண்டியல் குலுக்குறீங்க. திருடன் வந்தா உள்ள ஆள் இருக்காங்களான்னு அவன் வேவு பார்க்கற சிரமத்தைக்கூட மிச்சப்படுத்திட்டீங்க. படத்தை எடுத்துடுங்கன்னு நான் கேட்டதுக்கு, "நல்லது செஞ்சா இப்படித்தான் பேசுவாங்க"ன்னு பதில். அதுக்கு 38 பேர் கட்டைவிரல் தூக்கியிருக்காங்க.

"பயமா இல்லையா?" இந்தக் கேள்வி மட்டும் நியாயமானதுதான். பயம் உண்டு. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா எதுக்குப் பயப்படணும்னு உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியும். வேன்ல வாழறவங்களுக்கு ஒரு வசதி உண்டு: ஏதாவது சரியில்லைன்னா உள்ளயிருந்தே ஸ்டியரிங்ல போய் உட்கார்ந்து கிளம்பிடலாம். ட்ரெய்லர்ல அது முடியாது. கதவைத் திறந்து, இருட்டுல இறங்கி, நடந்து போய்க் காரைத் திறக்கணும். அந்த பத்தடிதான் எனக்குப் பயம். அதனால ஒரு ராத்திரி மட்டும் தங்கற இடத்துல ட்ரெய்லரைக் கார்லேர்ந்து கழட்டவே மாட்டேன். காரோட முகம் வெளியில பார்த்த மாதிரி நிறுத்துவேன். சாவி தலைமாட்டுல, பக்கத்துல கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே.

அப்புறம் முத்துசாமி. குட்வில்ங்கற பழைய சாமான் கடையில ஆறு டாலருக்கு வாங்கின ஆம்பளை பூட்ஸ், 12-ம் நம்பர் சைஸு, சேறு பூசி வாசப்படி பக்கத்துல வச்சிடுவேன். கூடவே ரெண்டாவது நாற்காலி ஒண்ணு. பார்க்கறவனுக்கு உள்ள ஆறடி ஆள் ஒருத்தன் குறட்டை விடறான்னு தோணும். இந்த யோசனை என்னோடது இல்ல, தனியா சுத்தற முக்காவாசிப் பொம்பளைங்க இதைத்தான் செய்றாங்க. நியூ மெக்சிகோவுல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினான் ஒருத்தன். மூச்சு விடல. கொஞ்ச நேரம் நின்னான். டார்ச் அடிச்சான், வெளிச்சம் பூட்ஸ் மேல விழுந்துது, ஜன்னல் வழியா பார்த்தேன். போயிட்டான். ஒருவேளை டயர்ல காத்து இல்லைன்னு சொல்ல வந்திருப்பான், யாருக்குத் தெரியும். விடியற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன். இதை எழுதவே கூடாதுன்னு இருந்தேன், "பார்த்தியா, நாங்க சொன்னோம்ல"ன்னு வருவீங்க. வாங்க. ஆனா டல்லாஸ்ல 3,200 சதுர அடி வீட்ல, நாலு கேமராவும் அலாரமும் வச்சுக்கிட்டு, நான் எத்தனை ராத்திரி இதே மாதிரி விடியற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? அந்த வீட்ல நிஜ பூட்ஸே வாசல்ல இருந்துச்சு. அப்ப யாரும் மொய் எழுதல.

இந்தப் பேச்சு இதுக்கு மேல வேண்டாம்.

அரிசோனாவுல குவார்ட்ஸைட்னு ஒரு ஊர். 2022 குளிர்காலம் பூரா நான் அங்கதான் இருந்தேன். பாலைவனத்து அரசாங்க நிலம். செப்டம்பர் 15-லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும், ஏழு மாசத்துக்கு அப்ப 180 டாலர்தான் கட்டணம். தண்ணி பிடிச்சுக்கலாம், கழிவுத் தொட்டியைக் காலி பண்ணிக்கலாம். பக்கத்து வண்டியில 71 வயசு, அந்தப் பக்கம் 66 வயசு, ரெண்டு பேரும் தனியா வந்த பொம்பளைங்க. 1999-ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை'ன்னு ஒரு கூட்டமே இருக்கு, பழைய ட்ரெய்லரை எல்லாம் ஜிகுஜிகுன்னு பெயிண்ட் அடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. புருஷனைக் கூட்டிட்டு வரக்கூடாதுங்கறது விதி. ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கறப்ப ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் கையை வச்சுக்கோ, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துன்னு எனக்கு அஞ்சு நிமிஷத்துல சொல்லிக்குடுத்தது அந்த 71 வயசுப் பாட்டி. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பின்னாடி போகத் தெரியாம, முன்னாடி மட்டுமே போயிட்டு இருந்தேன்.

அந்த ஊர் இடுகாட்டுல ஒரு சின்னப் பிரமிடு இருக்கு, உச்சியில செம்புல ஒட்டகம். ஹாஜி அலின்னு ஒருத்தர். அமெரிக்க ராணுவம் ஒட்டகத்தை வச்சு மூட்டை தூக்கிப் பார்த்தாங்களே, அதுக்காக 1856-ல கடல் தாண்டி வந்தவர். அவர் பேரு இவங்க வாயில நுழையாம ஹை ஜாலின்னு ஆயிடுச்சு. அந்தத் திட்டம் ஊத்திக்கிச்சு, ஆனா அவர் பாலைவனத்துல சுத்திக்கிட்டே இருந்து 1902-ல செத்தார். 1935-ல நெடுஞ்சாலைத் துறை அவருக்குப் பிரமிடு கட்டுச்சு. சந்தோஷம். சுத்தின ஆம்பளைக்குப் பிரமிடு, சுத்தற பொம்பளைக்கு நிதி திரட்டல்.

நம்ம ஊர் மட்டும் என்ன வாழுது. ஔவை ஊர் ஊரா நடந்தாள்னு நாமளும் கோயிலுக்குக் கோயில் கதை சொல்றோம். அந்தக் கதையில என்ன வருது? கல்யாணம் வேண்டாம், நடக்க விடுன்னு பிள்ளையார்கிட்ட அழுது, இருந்த இளமையைக் கொடுத்து நரையை வாங்கிக்கிறா. காரைக்கால் அம்மையார் உடம்பைக் கழட்டிப் போட்டுப் பேயாகித்தான் கைலாசத்துக்குப் போறா, அதுவும் தலையால நடந்து. நம்ம மரபுல ஒருத்தி தனியா ரோட்ல போகணும்னா ஒண்ணு கிழவியாகணும், இல்ல பேயாகணும். எனக்கு 54. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன், அதான் உங்களுக்கு என்ன செய்றதுன்னு தெரியல.

மாங்கனித் திருவிழாவுக்கு அம்மா எங்களைக் காரைக்காலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கூட்டிட்டுப் போவாங்கன்னா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பதினோரு பேரோட. அம்மா முந்தானையை ஏந்தி மாங்கனி பிடிப்பாங்க. திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல நின்னு போர்டை எல்லாம் வாய்விட்டுப் படிப்பாங்க. வேளாங்கண்ணி, நாகூர், ராமேஸ்வரம், திருச்செந்தூர். படிக்கத் தெரியும்னு காட்டறாங்க போலன்னு அப்ப நினைச்சேன்.

எதுக்கு ஆரம்பிச்சேன், எங்க போயிட்டேன். ஆங், ஒரு தம்பி ரொம்ப அறிவா எழுதியிருந்தார்: "உங்களுக்கு இது ஆசை அக்கா, ஆனா வாடகை கட்ட முடியாம வண்டியில தூங்கறவங்க இருக்காங்களே, அவங்களைப் பத்தி யோசிச்சீங்களா?" யோசிச்சேன் தம்பி. அந்த 71 வயசுப் பாட்டிக்கு சோஷியல் செக்யூரிட்டின்னு அரசாங்கம் தர்ற பென்ஷன் தவிர ஒண்ணும் கிடையாது, வாடகை கட்டினா மருந்து வாங்க முடியாதுன்னுதான் ட்ரெய்லருக்கு வந்தாங்க. நீங்க சொல்றது சரி, அவங்க நிலைமையும் என் நிலைமையும் ஒண்ணு இல்ல. ஆனா அவங்களைக் கேட்காம அவங்க வீட்டைப் போட்டோ எடுத்தா அவங்க உங்களை மண்வெட்டியால அடிப்பாங்க. பாவம்னு சொன்னா எனக்கே பொறுக்கல, அவங்களுக்கு மட்டும் இனிக்குமா? இன்னொண்ணும் இருக்கு. வீடில்லாதவங்கன்னு ஒருத்தர் மேல முத்திரை குத்தறது இந்த நாட்ல சும்மா பேச்சு இல்ல. பொது இடத்துல படுத்துத் தூங்கினா நகராட்சி தண்டனை கொடுக்கலாம்னு 2024 ஜூன்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அந்தச் சொல்லை என் நம்பர் பிளேட்டுக்குக் கீழ எழுதி வச்சிருக்கீங்க.

"வயசானா என்ன பண்ணுவே?" லிவிங்ஸ்டன்லயே அதே எஸ்கேப்பீஸ் சங்கத்துக்காரங்க ஒரு இடம் வச்சிருக்காங்க. முடியாமப் போனவங்க தங்களோட வண்டியிலயே இருந்துக்கலாம், சாப்பாடும் ஒத்தாசையும் அங்கேயே கிடைக்கும். நான் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். நீங்க பார்த்து வச்சிருக்கீங்களா உங்களுக்கு? பசங்க பார்த்துப்பாங்கன்னு சொல்லாதீங்க, உங்க பசங்களை எனக்குத் தெரியும்.

இது கொஞ்சம் அதிகம். ஆனா அழிக்க மாட்டேன்.

தனிமை இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இருக்கு. அதுக்காகத்தான் விழாவுக்கு வந்தேன், 600 மைல் ஓட்டி. அதுக்காகத்தான் சாம்பார் ஊத்தினேன்.

பணம் போட்டவங்க பட்டியல் மொத்தத்தையும் படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. பாதிப் பேர் என் வீட்ல சாப்பிட்டவங்க, அந்த 3,200 சதுர அடி வீட்ல. பதினாலாவது பேரு நியூ ஜெர்சியில இருக்கற என் தங்கச்சி. 50 டாலர். அவளை அந்தக் குழுவுல சேர்த்ததே நான்தான். வாரம் தவறாம என்கிட்ட போன்ல பேசறவ. முட்டைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுத்தான் அவளுக்கு ரசப்பொடி அளவு சொல்றேன், அவளுக்கே அது தெரியும். போன் போட்டுக் கேட்டேன். "எல்லாரும் போட்டாங்கக்கா, கூடப்பொறந்தவ நான் போடலைன்னா நல்லா இருக்காதுல்ல"ன்னா.

யார் யார் எவ்வளவு போட்டாங்களோ அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை காலையில கிளம்பறேன். இந்த வருஷம் எந்தப் பக்கம்னு எழுத மாட்டேன், ஏன்னு உங்களுக்கே தெரியும். பேரு போடாம 25 டாலர் அனுப்பின ஒருத்தருக்கு மட்டும் எப்படித் திருப்பறதுன்னு புரியல. இந்த வாரத்துக்குள்ள யாரும் வந்து கேட்கலைன்னா முத்துசாமிக்குப் புது லேஸ் வாங்கிடுவேன். பழசு நைஞ்சு போச்சு.