ரிஜிஸ்டர்படி மீன்

(காட்சிக்கூடத்தில் ஓர் ஓவியத்தின் முன்னால் அண்ணாச்சி ஒருவரும் ஊழியரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.)

அண்ணாச்சி: மக்கா, இந்தப் படத்தில் இருக்கிறது என்ன?

ஊழியர்: கீழே பலகையில் இருக்கிறதே அண்ணாச்சி, 'டால்பின் மீன்' என்று.

அண்ணாச்சி: பலகை இல்லையென்றால்?

ஊழியர்: ரிஜிஸ்டரில் இருக்கும். 'மீன் ஓவியம் 1, சட்டத்துடன்.'

அண்ணாச்சி: எந்தச் சட்டம்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமா? அதில் இது முதல் அட்டவணை. வலையில் ஓங்கல், அதுதான் உங்கள் டால்பின், பட்டால் வலையை அறுத்துவிட்டு வருகிறோம். கரைக்குக் கொண்டுவந்தால் கேஸ். இந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக் கோர்ட்டில் காட்டினால், மீன்தானே என்று விட்டுவிடுவார்களா?

ஊழியர்: நான் சொன்னது மரச் சட்டம் அண்ணாச்சி.

அண்ணாச்சி: சரி, வாலைப் பார். நட்டக்குத்தலாக நிற்கிறது. அது சுறாவுக்கு. ஓங்கலுக்கு வால் படுக்கைவாக்கில் இருக்கும், மேலும் கீழுமாக அடித்துப் போகும். கன்னத்தில் செவுள் வேறு! மூச்சுவிடத் தண்ணீருக்கு மேலே வருகிற சீவன், குட்டிக்குப் பால் கொடுக்கிற சீவன், துளை உச்சந்தலையில். அதற்குச் செவுள் எதற்கு? சுறாவைப் பிடித்துச் சிரிக்கவைத்திருக்கிறார்.

ஊழியர்: வரைந்தவர் பெரிய ஆள். ஏதோ போட்டோவைப் பார்த்து வரைந்தாராம்.

அண்ணாச்சி: கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சும்மாவே சொல்லியிருப்பார்கள்.

ஊழியர்: சும்மா சொன்னால் ரிஜிஸ்டரில் ஏறாது. வவுச்சர் வேண்டும்.

(நான் பார்க்க வேண்டியதெல்லாம் எப்போதோ பார்த்து முடித்திருந்தேன். இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.)

ஊழியர்: அதற்குக் கீழே படியுங்கள். 'இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்கு.'

அண்ணாச்சி: மேலே மீன், கீழே விலங்கா? அதுவும், அந்தப் பட்டம் கங்கை ஓங்கலுக்கு. ஆற்றில் கிடப்பது, அதற்குக் கண் தெரியாது. எழுதியவருக்கும் அப்படித்தானோ?

ஊழியர்: ஐயோ, மீன் இல்லை என்று அடித்தால் மீன் கணக்கில் ஒன்று குறையும். ஆடிட்டில் மாட்டுவது நான்.

அண்ணாச்சி: கணக்கு! 2017-ல் ஓகி புயல் அடித்தபோது திரும்பாத ஆட்களைக் கரையில் நாங்கள் பெயர் பெயராக எண்ணினோம். ஆபீஸ் எண்ணிக்கை வேறாக இருந்தது. அன்றைக்கும் ரிஜிஸ்டர் சரியாகத்தான் இருந்தது மக்கா.

(ஊழியர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.)

ஊழியர்: ஒன்று செய்யுங்கள். பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போங்கள். முதலில் தொழில் போட வேண்டும்.

அண்ணாச்சி: மீன்பிடி.

ஊழியர்: அதுதான் இடிக்கிறது. மீனைப் பற்றி என்றால் நீங்கள் எழுதலாம். இது மீன் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே.

அண்ணாச்சி: அப்படியானால் மீன் என்றே வைத்துக்கொள், எழுதித் தொலைக்கிறேன். பேனா எங்கே?

ஊழியர்: இதோ, நூலில் கட்டித் தொங்குகிறது.

அண்ணாச்சி: எழுதவில்லையே.

ஊழியர்: 'பேனா 1, நல்ல நிலையில்' என்று இருக்கிறதே அண்ணாச்சி. நன்றாக அழுத்திப் பாருங்கள்.