அந்த டவர் உங்கட, அதில ஏறின பொடியன் மட்டும் உங்கட ஆள் இல்லையா?

போன் டவரில ஏறி வேலை செய்யேக்க விழுந்த பொடியனப் பற்றி போன் கொம்பனி போட்ட அறிக்கைய எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்ப ஷெயார் பண்ண எனக்கு மனசில்ல. விழுந்தவர் எங்கட ஊழியர் இல்ல, வெளி ஒப்பந்தக்காரருக்குக் கீழ வேலை செஞ்சவர் எண்டு முதல் வரியிலயே சொல்லிப்போட்டுத்தான் ரெண்டாம் வரியில ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறாங்க. அதாவது கவலைப்பட முந்தியே கணக்க முடிச்சிட்டாங்க. நானும் வாயப் பொத்திக்கொண்டு இரிப்பம் எண்டுதான் இருந்தன், ஆனா அந்த அறிக்கைக்குக் கீழ எங்கட ஊர் ஆக்களே வந்து தெளிவான விளக்கம், நன்றி எண்டெல்லாம் கொமன்ட் போட்டிரிக்கிறதப் பாத்தாப்பிறகு ஏலாமப் போச்சு. என்னத்துக்கு நன்றி? பொடியன் பெரியாஸ்பத்திரியில இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாமக் கிடக்கிறான், தாய் வெளி விறாந்தையில இரிக்கா, நீங்க நன்றி சொல்றீங்க.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த டவர் ஆர்ட? அதில பூட்டியிரிக்கிற அன்டெனா ஆர்ட? அதால வாற சிக்னலுக்கு மாசாமாசம் பில் அனுப்புறது ஆர்? மூண்டுக்கும் ஒரே பதில்தானே. அப்ப அதில ஏறினவன்ட உசிருக்கு ஆர் பொறுப்பு எண்டு கேட்டா மட்டும் எப்பிடி வேற ஒரு பேர் வருது? அவன் ஏறினது ஒப்பந்தக்காரர்ட வளவுத் தென்னையில இல்ல. உங்கட டவரில, உங்கட வேலைக்கு, உங்கட ஒபிஸில இருந்து வந்த வேலை ஓடருக்கு ஏறினவன்.

இந்த வேலை எப்பிடிக் கைமாறுது எண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். கொம்பனி ஒரு பெரிய கொன்ட்ராக்டருக்குக் குடுக்கும். அவர் தனக்குக் கீழ இன்னொரு சப் கொன்ட்ராக்டருக்குக் குடுப்பார். சப் கொன்ட்ராக்டர் ஊருக்குள்ள கேங் வச்சிரிக்கிற ஒராளப் பிடிப்பார். அந்தாள் மட்டக்களப்புப் பக்கம் கொக்கட்டிச்சோலையிலயோ வெல்லாவெளியிலயோ நாள்கூலிக்கு நாலு பொடியன்மாரக் கூட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு படியிலயும் ஒராள் தன்ட பங்க எடுத்தாப்பிறகு கடைசியில மிஞ்சிற காசில என்னத்த வெட்டலாம்? பெல்ட்ட வெட்டலாம், கயித்த வெட்டலாம், ட்ரெய்னிங்க வெட்டலாம். காசு கீழ வர வர மெலியுது, ஆபத்து மட்டும் ஒரு துளியும் குறையாம வந்து கடைசி ஆள்ட தலையில இறங்குது. இது கொம்பனிக்குத் தெரியாம நடக்கிறதில்ல, ஆகக் குறைஞ்ச விலைக்கு டெண்டர் குடுக்கேக்கயே இந்த விலையில இதுதான் நடக்கும் எண்டு தெரிஞ்சுதான் குடுக்கிறாங்க.

என்ட தம்பியும் ரிகர் வேலை, அதாவது டவரில ஏறி அன்டெனா பூட்டுற வேலை, செஞ்சவன். ஏலெவல் முடிச்சு, கம்பஸ் கிடைக்காம நிண்ட நேரம் ஊர் ஆள் ஒருத்தர் கூட்டிக்கொண்டு போய்ச் சேத்துவிட்டவர். விடியப்புறம் லொறி வரும், வாகரைக்கா பொத்துவிலுக்கா எண்டு ஏறினாப்பிறகுதான் தெரியும். ஒருநாள் அவன்ட ஹானஸ், விழாம உடம்பில மாட்டுற பெல்ட், ஊத்தையா கிடக்கு எண்டு துவைக்க எடுத்தன். நாடா முழுக்க வெயிலுக்கு வெளிறி, உப்புக்காத்துப் பிடிச்சு விறைச்சுப் போய்க் கிடந்திச்சு. தொடைப்பக்கம் தையல் பிரிஞ்ச இடத்தில ஆரோ வலை பின்னுற நைலோன் நூலால கையால தைச்சிருந்தாங்க. கொக்கி துரு, அழுத்திவிட்டாத் தானா மூடாது, விரலால தள்ளவேணும். லேபலில இருந்த திகதி அழிஞ்சு போயிருந்திச்சு. இது ஆர்ட சாமான் தம்பி எண்டு கேட்டன். "கேங்குக்கு மூண்டு இரிக்கு அக்கா, ஆருக்கு எது வாய்க்குதோ அது" எண்டான். நாலு பேர் வேலை செய்யிற கேங் அது. நாலாமாள் என்ன செய்வான் எண்டு நான் கேட்கல்ல, அவனும் சொல்லல்ல, அம்மா குசினிக்குள்ள நிண்டவ.

இப்ப ஒரு விசயம் கேளுங்க. உலக வங்கிக் குழுமத்துக்குள்ள இரிக்கிற சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் 2007ல தொலைத்தொடர்புக்கெண்டே ஒரு சுற்றாடல், சுகாதார, பாதுகாப்பு வழிகாட்டி வெளியிட்டிரிக்கு. உயரத்தில வேலை செய்யிறவருக்கு ஏறுறதுக்குப் பயிற்சி குடுக்க வேணும், விழுகைத் தடுக்கிற சாமானச் சோதிச்சுப் பாக்கவேணும், மாத்தவேணும், பெல்ட் 15.8 மில்லிமீற்றர் நைலோனுக்குக் குறையக் கூடாது, கயிறு நைஞ்ச அடையாளம் தெரிய முந்தியே மாத்திப்போடவேணும் எண்டு அதில இரிக்கு. தெரிய முந்தி! இங்க நைஞ்சு, பிரிஞ்சு, தைச்சு, திரும்பவும் பிரிஞ்சாலும் அதே பெல்ட்தான். இன்னொண்டும் அதில இரிக்கு, பெல்ட்டில தொங்கிற ஆள இறக்கி எடுக்கிறதுக்கும் ஏற்பாடு இரிக்க வேணுமாம். விழுந்தவன் அந்தரத்தில ஹானஸ்ஸில அசையாமத் தொங்கினா கால் பக்கம் ரத்தம் தேங்கிக் கொஞ்ச நேரத்திலயே மயங்கிப் போவான், கெதியா இறக்கல்ல எண்டா உசிருக்கே ஆபத்து. எங்கட சைட்டுகளில கீழ நிக்கிற ஆளுக்கு இறக்கத் தெரியுமா? அந்த வெட்டைக்குள்ள ஆம்புலன்ஸ் எங்கால வரும் எண்டு ஆரும் யோசிச்சவங்களா?

இதுக்குப் பதிலா கொமன்டில ஒராள் எழுதியிரிக்கிறார், பொடியன் கொக்கி கொழுவல்லயாம், அவன்ட கவனக்குறைவாம். அண்ணன், நீங்க டவரில ஏறியிரிக்கிறீங்களா? ஒரு கொக்கி மட்டும் குடுத்தா ஒவ்வொரு கம்பி தாண்டேக்கயும் அதக் கழட்டித்தான் மேல கொழுவ ஏலும். கழட்டின அந்த நேரத்தில அவனப் பிடிச்சிரிக்கிறது அவன்ட கை மட்டும்தான். அதுக்குத்தான் ரெண்டு கொக்கி வச்ச கயிறு இரிக்கு, ஒண்டு எப்பவும் கம்பியில இரிக்கும், மத்தத மாத்துவாங்க. ஒத்தைக் கொக்கியக் குடுத்துப்போட்டு கவனக்குறைவு எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனசு வந்திச்சு? அண்டைக்குப் பின்னேரம் காத்து எப்பிடி அடிச்சிச்சு எண்டு எல்லாருக்கும் தெரியும், அந்தக் காத்தில ஏறச் சொன்னது ஆர்? இருட்டுப்பட முந்தி டவர் வேலை செய்யத் தொடங்கவேணும் எண்டு போன் எடுத்தது ஆர்? அந்த போன் நாள்கூலிக்காரன் எடுத்த போன் இல்ல.

இது எங்கட நாட்டுப் பிரச்சினை மட்டும் எண்டும் நினைக்காதீங்க. அமெரிக்காவில 2013ல மட்டும் டவர் வேலையில 13 பேர் செத்தாங்க. அடுத்த வருசம் அங்கத்த தொழில் பாதுகாப்பு நிறுவனம் இந்தத் துறைக்குக் கடிதம் எழுதி, சப் கொன்ட்ராக்டுக்கு மேல சப் கொன்ட்ராக்ட் குடுக்கிறீங்களே, வேலை குடுக்கிறவங்க பாத்துக் குடுக்க வேணும் எண்டு சொன்னிச்சு. அவ்வளவு பெரிய நாட்டிலயே நோய் எங்க இரிக்கு எண்டு கண்டுபிடிச்சிட்டாங்க. இங்க நாம அறிக்கைக்கு லைக் போடுறம்.

டவர் எண்டா எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது கதிர்வீச்சு மட்டும்தான். ஊருக்குள்ள டவர் வருது எண்டா பதாகை பிடிப்பாங்க, பிரதேச சபைக்கு மகஜர் குடுப்பாங்க. பயப்பட வேணாம் எண்டு நான் சொல்லல்ல. உலக சுகாதார நிறுவனத்துக்குக் கீழ வாற புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2011ல ரேடியோ அலைகள புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் இரிக்கிற 2பி வகையில போட்டதும் உண்மை. ஆனா அலை தூரம் போகப் போகக் கெதியாக் குறையும், கீழ வீட்டில இரிக்கிற உங்களுக்கு வாறது ரொம்பக் கொஞ்சம். அன்டெனாவுக்கு நேர முன்னுக்கு ஒரு முழத்தில நெஞ்சக் குடுத்துக்கொண்டு நிக்கிறவன் ரிகர். இந்த அலை இவ்வளவுக்கு மேல படக் கூடாது எண்டு சர்வதேச அளவில வச்ச உச்ச அளவு, 900 மெகாஹேட்ஸ் அலைக்குப் பொதுமக்களுக்குச் சதுர மீற்றருக்கு 4.5 வொட், வேலையாளுக்கு 22.5, அதுவும் பயிற்சி எடுத்த, கண்காணிப்பில இரிக்கிற வேலையாளுக்குத்தான். என்ட தம்பிக்கு எந்த அன்டெனா ஓடுது, எது நிப்பாட்டியிரிக்கு எண்டே ஆரும் சொல்லல்ல. பதாகை பிடிச்ச ஒருத்தராவது ஏறுறவனுக்காகப் பிடிச்சீங்களா? இந்தக் கேள்வி கொம்பனிக்கு இல்ல, எங்களுக்கு.

ஏறுறவன்ட கதையோட இது முடியவும் இல்ல. எங்கட மாமி வீட்டுக்குப் பக்கத்து வளவில ஒரு டவர் இரிக்கு. கரண்ட் போனா ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும், ராவிராவா. டீசல் ஊத்த வாறவங்க கேனால ஊத்தேக்க சிந்திறது நேர மணலுக்குள்ள. கடற்கரைப் பக்கம் எங்கட கிணறெல்லாம் எவ்வளவு ஆழம் எண்டு உங்களுக்குத் தெரியும், மணலுக்குக் கீழ கொஞ்சத்தில தண்ணி. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கிணறுகள உப்பு இறைச்சு இறைச்சு எப்பிடி மீட்டு எடுத்தம் எண்டும் தெரியும். அந்தத் தண்ணியில எண்ணெய் மணக்குது எண்டு மாமி சொன்னா, சுப்பவைசர் தம்பி வந்து பாத்திட்டு மேலிடத்துக்கு அறிவிக்கிறன் எண்டுபோட்டுப் போனவர்தான். அவரும் சப் கொன்ட்ராக்டர்ட ஆளாம்! டீசலும் கொம்பனிட இல்ல, பழைய பெற்றரியும் அவங்கட இல்ல, விழுந்த பொடியனும் அவங்கட இல்ல. பெற்றரிக்குள்ள ஈயமும் அசிட்டும், கழட்டினதுக்குப் பிறகு எங்க போகுது எண்டு கேட்டா அதுக்கும் வேற கொன்ட்ராக்டர். வருச அறிக்கையில பச்சை அட்டை போட்டு மரம் நட்ட படம் மட்டும் அவங்கட.

இன்னொராள் இன்பொக்ஸில வந்து கேட்கிறார், இப்பிடி எழுதிக்கொண்டிருந்தா கொம்பனி எங்கட பொடியன்மார வேலைக்கு எடுக்காது, வாயில மண்ணப் போடாதீங்க எண்டு. இதுக்கு எனக்குக் கோவம் வரல்ல, அழுகைதான் வந்திச்சு. அந்தப் பயம் எனக்கு விளங்கும், ஏனெண்டா எங்கட வீட்டுக்குள்ளயும் அதே பயம் இருந்திச்சு. ஆனா வேலை தாறதெண்டா என்ன? நாள்கூலி, ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதி இல்ல, ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி இல்ல, வேலைக் கடிதம் இல்ல. நாள்கூலிக்காரனுக்கும் முதல் நாளில இருந்தே முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் ஈபிஎஃப் கட்டவேணும், ஈடிஎஃப் 3 வீதம் முதலாளி தனியாக் கட்டவேணும் எண்டு சட்டம் இரிக்கு, ஈபிஎஃப் சட்டம் 1958ல வந்தது. வேலையில காயப்பட்டா நட்டஈடு குடுக்கிற கட்டளைச்சட்டம் 1934ல, வெள்ளக்காரன் காலத்தில வந்தது. நான் புதுசா ஒண்டும் கேட்கல்ல. என்ட அம்மா பிறக்க முந்தியே எழுதி வச்சதத்தான் கேட்கிறன்.

என்ட தம்பி இப்ப கட்டாரில. அதே வேலைதான், அதே மாதிரி டவர்தான். போய்ச் சேந்து கொஞ்ச நாளில ஒரு போட்டோ அனுப்பினான், புது ஹானஸ், ரெண்டு கொக்கி, நெஞ்சில சோதிச்சுப் பாத்ததுக்கு அடையாளமா இன்ஸ்பெக்ஷன் டெக். வகுப்பு வச்சு சோதினை எடுத்தாப்பிறகுதான் ஏற விட்டவங்களாம். அங்க எல்லாம் சொர்க்கம் எண்டு நான் சொல்ல வரல்ல, அங்க எங்கட ஆக்கள் படுற பாடும் தெரியும். ஆனா அம்மா அந்த போட்டோவப் பாத்திட்டு "ஊரில இத ஏன் மனே உனக்குத் தரல்ல" எண்டு கேட்டா, அவனுக்கும் பதிலில்ல, எனக்கும் பதிலில்ல. அதே பொடியன், அதே கை, அதே கால். எங்கட ஊர்ப்பக்கம், படுவான்கரையில நிக்கேக்க மட்டும் அவன்ட உசிருக்கு விலை குறைஞ்சு போகுதா? கொழும்பு ஹெட் ஒபிஸில இருந்து ஒரு எஞ்சினியர் வந்து ஏறுவார் எண்டா அவருக்கும் மீன்வலை நூலால தைச்ச பெல்ட்டத்தான் குடுப்பீங்களா?

நீயும் அதே நெட்வேர்க்கிலதானே போஸ்ட் போடுறா எண்டு கேட்கப் போறவங்களுக்கு: ஓம், காசு கட்டித்தான் போடுறன், அந்த உரிமையிலதான் கேட்கிறன். வெளிநாட்டுக் கடனும் முதலீடும் தேடேக்க தொழிலாளர் நிலைமை பற்றிப் பக்கம் பக்கமா எழுதிக் குடுப்பீங்கதானே. சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்திட 2012 செயலாற்றுகை நியமத்தில ரெண்டாவது நியமம் முழுக்கத் தொழிலாளரப் பற்றினது. வேற ஆள் மூலம் எடுத்த தொழிலாளருக்கும் முறைப்பாடு சொல்ல ஒரு வழி இரிக்க வேணும் எண்டு அதில இரிக்கு. எங்கட பொடியன்மாருக்கு அந்த வழி எங்க? ஒரு போன் நம்பராவது டவர் கேட்டில ஒட்டியிரிக்கா? கேட்டில ஒட்டியிரிக்கிறது உட்பிரவேசிக்கத் தடை எண்ட போர்டு மட்டும்தான்.

அறிக்கையில இல்லாத விசயங்கள இப்ப கேட்கிறன், கொம்பனிட ஆக்கள் இதப் படிக்கிறீங்க எண்டு தெரியும். அண்டைக்கு ஏறுறதுக்குப் பேமிட் குடுத்தது ஆர், எத்தின மணிக்கு? அந்த ஹானஸ் கடைசியாச் சோதிச்சது எப்ப, கையெழுத்து ஆர்ட? கேங்கில எத்தின பேர், எத்தின ஹானஸ்? ஆஸ்பத்திரிச் செலவ ஆர் பாக்கிறது, பொடியன் எழும்பி நடக்கல்ல எண்டா அந்தக் குடும்பத்துக்கு ஆர் பொறுப்பு?

திங்கக்கிழமை வீட்டுக்காரங்களோட லேபர் ஒபிஸுக்குப் போறம். அண்டைக்கு அந்த சைட்டில நிண்ட மத்தப் பொடியன்மார், உங்களுக்குப் பயம் எண்டு தெரியும், பேர் வெளியில வராது. போனில எடுத்த படம், வட்ஸ்அப்பில வந்த வேலை மெசேஜ், சம்பளம் எழுதின துண்டு எண்டு என்ன இரிந்தாலும் அழிச்சுப்போடாம இன்பொக்ஸுக்கு அனுப்புங்க.