அன்று தோற்றவர் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் சித்தப்பா மகன் ஆரம்பித்தான். "அண்ணே, பத்து வருசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தா பாக்ஸிங்ல பெரிய வெற்றி எதெதுண்ணே?" தினமும் விடியற்காலையில் கையில் துணி சுற்றிக்கொண்டு மூட்டை குத்தப் போகிற பையன் அவன். நான் படித்தும் பழைய வீடியோக்களைப் பார்த்தும் பைத்தியம் பிடித்தவன். விளக்கு வைக்கும் நேரம் வரை பேசியும் முடியவில்லை. அவனுக்கு நாக் அவுட்தான் கணக்கு, அதற்கப்புறம் எத்தனை சாம்பியன் பெல்ட் என்பது. எனக்கு அது போதாது. அன்று ராத்திரி எதிர் மூலையில் நின்றவர் யார், எந்த நிலையில் நின்றார் என்று பார்த்துத்தான் ஒரு வெற்றியை எடை போடுவேன். வயசாகி ஓய்ந்தவரை வீழ்த்துவதும் உச்சத்தில் இருப்பவரை வீழ்த்துவதும் ஒன்றாகாது.

1970களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியப்பா முகமது அலி பக்தர். 1980இல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது கேலரியில் இருந்து பார்த்தவர். அவரிடம் கேட்டால் கின்ஷாசா என்று, அலி ஃபோர்மனை வென்ற ஊரின் பேரை, ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார். தம்பியோ 1971 மார்ச் 8 என்கிறான். ஃபிரேசியரும் அலியும் இருவருமே அதுவரை தோற்காதவர்கள், மேடிசன் ஸ்கொயர் கார்டன், 15ஆம் ரவுண்டில் அலியைக் கீழே தள்ளிய அந்த இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வந்த குத்து. நல்ல வாதம்தான். ஆனால் அன்று எதிரே நின்ற அலி யார்? 1967இலிருந்து மூன்றரை வருசம் ரிங் பக்கமே விடாமல் தள்ளி வைக்கப்பட்டு, திரும்பி வந்து இரண்டே சண்டை ஆடியிருந்தவர். கால் பழைய மாதிரி ஓடவில்லை. ஃபிரேசியரின் வீரத்தில் எனக்குக் குறையே இல்லை, தோற்றவர்தான் முழு அலி இல்லை.

1974 அக்டோபர் 30, கின்ஷாசா. ஃபோர்மனுக்கு 25 வயசு. 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே போட்டவர். அலியின் தாடையை உடைத்த நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தவர். அவர் எதிரில் 32 வயசு அலி. கயிற்றில் சாய்ந்துகொண்டு கையிலும் விலாவிலும் அத்தனை குத்தையும் வாங்கி, 8ஆம் ரவுண்டில் முடித்தார். அந்த முடிவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஃபோர்மன் சுழன்று விழுகிறார். அலியின் வலது கை இன்னொரு குத்துக்குத் தயாராக ஓங்கி நிற்கிறது. ஆள் விழுந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறார். கையை இறக்கிவிடுகிறார். பெரியப்பா சொன்னதுதான் சரி.

அடுத்த பத்தாண்டில்தான் எல்லோரோடும் எனக்குத் தகராறு. 1980கள் என்றாலே ஹேக்லர்-ஹெர்ன்ஸின் மூன்று ரவுண்டு, இல்லையென்றால் 1981இல் புள்ளியில் பின்தங்கியிருந்த லெனார்ட் 14ஆம் ரவுண்டில் ஹெர்ன்ஸை முடித்தது. இரண்டும் அருமையான சண்டைகள். என் தேர்வு 1980 ஜூன் 20, மான்ட்ரியல்: ரொபெர்டோ டுரான், சுகர் ரே லெனார்டை 15 ரவுண்டில் புள்ளியில் வென்றது.

இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஐந்தே மாதத்தில் மறுசண்டை நடந்தது. அதில் டுரான் 8ஆம் ரவுண்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு "நோ மாஸ்", அதாவது போதும், என்று விலகியதாகவே உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த ஒரு நிமிசம் டுரானின் மொத்த வாழ்க்கையையும் மூடிவிட்டது. எனக்கு இது பெரிய ஆதங்கம். ஜூன் மாதம் நடந்ததைப் பாருங்கள். லெனார்டுக்கு 24 வயசு, தோல்வியே கிடையாது, நாலு வருசம் முன்பு அதே நகரத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். டுரான் 135 பவுண்டு லைட்வெயிட்டில் ராஜாவாக இருந்துவிட்டு 147க்கு ஏறி வந்தவர். சண்டைக்கு முன்பே வாயால் சீண்டிச் சீண்டி, ஓடி விளையாட வேண்டிய லெனார்டை நின்று அடிக்க வைத்தார். மூன்று நடுவர்களின் தாளிலும் வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளிதான், மூன்றிலும் டுரான்தான் முன்னே. லெனார்ட் அதற்கப்புறம் ஹெர்ன்ஸை வென்றார், ஹேக்லரை வென்றார், 1991 வரை வேறு யாரிடமும் தோற்கவில்லை. அப்படிப்பட்டவரை உச்சத்தில் வைத்து வென்ற ஒரே ஆள் டுரான். நவம்பரில் நடந்ததற்காக ஜூன் மாதத்தை அழிக்கக் கூடாது.

"சரி, பழசுக்குப் போ" என்றான் தம்பி. 1920களுக்கு ஹெவிவெயிட் சாம்பியன் டெம்ப்ஸியைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்தான். நான் ஹாரி க்ரெப் என்றேன். 1922 மே 23 அன்று ஜீன் டன்னியை 15 ரவுண்டு அடித்தார். க்ரெப் மிடில்வெயிட், அதாவது நடு எடைப் பிரிவு ஆள், டன்னியை விடப் பத்துப் பவுண்டுக்கு மேல் குறைவு. ஒரு கண்ணில் பார்வை போய்க்கொண்டிருந்தது, அதை வெளியே சொல்லாமலே ஆடினார். முதல் ரவுண்டிலேயே டன்னியின் மூக்கு உடைந்தது, கடைசி வரை ரத்தம் நிற்கவில்லை. அந்த டன்னிதான் பின்னால் டெம்ப்ஸியை இரண்டு தடவை வென்று ஹெவிவெயிட் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். அவர் வாழ்நாளில் கண்ட ஒரே தோல்வி க்ரெப்பிடம் கண்டது. க்ரெப் சண்டை போடும் படச்சுருள் ஒன்றுகூட இன்று இல்லை. முந்நூறு சண்டைக்குக் கிட்டத்தட்ட ஆடிய மனுசன், பயிற்சியில் குதிக்கிற சில நொடிகள்தான் மிச்சம். பார்க்க முடியாததாலேயே அவரைப் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். அது அநியாயம்.

என் அளவுகோல் உடைகிற இடங்களும் உண்டு. 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் ஜாக் ஜான்சன் ஜெஃப்ரீஸை 15ஆம் ரவுண்டில் வீழ்த்தினார். ஜெஃப்ரீஸ் ஐந்தாறு வருசம் ஓய்வில் இருந்து, ஏறிய உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தவர். என் கணக்குப்படி அது பெரிய வெற்றியே இல்லை. ஆனால் ஒரு கறுப்பர் சாம்பியனாக இருப்பதைப் பொறுக்காமல்தான் அவரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஜான்சன் ஜெயித்த செய்தி போன ஊரெல்லாம் கலவரம், உயிர்கள் போயின. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று அவ்வளவு நிதானமாக ஆடியதை எந்தத் தராசில் வைப்பது?

1938 ஜூன் 22ம் அப்படித்தான். யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸ் மேக்ஸ் ஷ்மெலிங்கை 2 நிமிசம் 4 நொடியில் முடித்தார். ஷ்மெலிங்குக்கு 32 வயசு, உச்சம் தாண்டியவர். அந்த வருசமே ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மூன்று எடைப் பிரிவுகளின் பட்டத்தை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். மொத்தமே எட்டுப் பிரிவு, பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்றிருந்த காலம் அது. நியாயப்படி நான் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் லூயிஸைத்தான் சொல்கிறேன். இரண்டு வருசம் முன்பு தன்னை 12ஆம் ரவுண்டில் நாக் அவுட் செய்தவர் எதிரே. ஹிட்லரின் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப்பெருமைக்குச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர், அவருடைய மேனேஜரே ஒரு யூதர், பின்னாளில் லூயிஸுக்கு நெருங்கிய நண்பரும் ஆனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரை நாம் அரக்கனாக்க வேண்டியதில்லை.

1940களுக்கு வில்லி பெப். 1947இல் விமான விபத்தில் முதுகெலும்பு முறிந்து, சில மாதத்தில் ரிங்குக்குத் திரும்பியவர். தன்னை 4ஆம் ரவுண்டில் முடித்த சாண்டி சாட்லரிடமிருந்து 1949 பிப்ரவரியில், முகமெல்லாம் கிழிந்த நிலையில், 15 ரவுண்டு ஆடிப் பட்டத்தை மீட்டார். 1950களுக்கு ராபின்சன், 1951இல் லமோட்டாவை 13ஆம் ரவுண்டில் நிறுத்தியது. 1960களில் 22 வயசுப் பையனாக அலி லிஸ்டனை ஸ்டூலை விட்டு எழவே விடாமல் செய்தது. இதிலெல்லாம் தம்பிக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

1990களில் தகராறு வந்தது. டோக்கியோ, 1990 பிப்ரவரி 11, டக்ளஸ் டைசனை 10ஆம் ரவுண்டில் வீழ்த்தியது. தம்பி சொல்கிறான்: "டைசன் ஒழுங்கா பிராக்டிஸே பண்ணலண்ணே, அதப் போய் கணக்குல எடுக்கற." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 37 சண்டையில் தோற்காத 23 வயசுச் சாம்பியன், பந்தயக்காரர்கள் 42க்கு 1 என்று வைத்த சண்டை. மூன்று வாரம் முன்பு அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்த டக்ளஸ், முதல் மணியிலிருந்தே நீளமான ஜாபால், கையை நேராக நீட்டிக் குத்தும் குத்தால், டைசனை எட்டவே நிறுத்தி வைத்தார். டைசனின் கண் வீங்கியது, அவர் கார்னரில் அதை அமுக்க இரும்புகூட இல்லை, ரப்பர் உறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். 8ஆம் ரவுண்டு முடிவில் ஒரு அப்பர்கட்டில், கீழிருந்து மேலே வந்த குத்தில், டக்ளஸ் விழுந்தார். அதுவரை டைசனிடம் அப்படி விழுந்தவர்கள் பெரும்பாலும் முடிந்துபோனார்கள். இவர் எழுந்தார், இரண்டு ரவுண்டு கழித்து டைசனை விழவைத்தார். முழங்காலும் கையுமாகத் தவழ்ந்து, கம் ஷீல்டைத் தேடி எடுத்து வாயோரத்தில் மாட்டிக்கொண்டு எழ முயன்ற டைசனை நடுவர் அணைத்துப் பிடித்த காட்சி இருக்கிறதே, எனக்கு அது டைசன் மேலும் மரியாதையைத்தான் கூட்டியது.

மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் மட்டும் ஃபோர்மன். 1994 நவம்பர் 5, வயசு 45. கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரங்க்ஸ். அன்று அலியின் கார்னரில் இருந்த ஏஞ்சலோ டண்டி இன்று இவர் கார்னரில். நடுவர்களின் மூன்று தாளிலும் பின்தங்கி நின்றவர் 10ஆம் ரவுண்டில் ஒரே வலது கையால் சாம்பியன் மூரரைச் சாய்த்துவிட்டு மூலையில் மண்டியிட்டார். இருபது வருசம் சுமந்த பாரம் அது.

2000களுக்கு தம்பி பாக்கியாவ் டி லா ஹோயாவை வென்றதைச் சொல்கிறான். டி லா ஹோயா எடையைக் குறைத்து வற்றிப்போய் நின்ற ராத்திரி அது, எடுக்க மாட்டேன். தோல்வியே அறியாத டிரினிடாடை 2001இல் 36 வயசு ஹாப்கின்ஸ் 12ஆம் ரவுண்டில் நிறுத்தியதுதான் என் தேர்வு. 2012இல் பாக்கியாவை மார்க்கெஸ் ஒரே குத்தில் முகம் குப்புறச் சாய்த்ததில் இருவரும் கைகுலுக்கினோம்.

கடைசியில் இந்தப் பத்தாண்டு. 2024 மே 18, ரியாத், உசிக் ஃப்யூரியை வென்றது என்றேன். தன்னைவிட ஆறு அங்குலம் உயரமான, தோல்வியே காணாத ஆளை. தம்பி சிரித்தான். "உன் அளவுகோலயே வச்சுப் பாருண்ணே. ஏழு மாசம் முன்னாடி ஃப்யூரிய என்கானு கீழ போட்டாரு. பாக்ஸரே இல்லாதவரு. அதுவா உச்சம்? இரண்டு எடை தாண்டிப் போய் கனேலோவ ஜெயிச்ச கிராஃபோர்ட எடு." அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கனேலோவுக்கு அப்போது 35 வயசு என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. போனை எடுத்து 9ஆம் ரவுண்டைப் போட்டேன். உசிக்கின் இடது கை திரும்பத் திரும்ப விழ, ஃப்யூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடிப் போகிறார், கயிறு தாங்கியதால் நிற்கிறார், நடுவர் எண்ணத் தொடங்குகிறார். தம்பி போனை வாங்கி இன்னொரு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தான். கிராஃபோர்டை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.