நெல்லையில் ஜூரி தேர்வா? அந்த ஃபார்வர்டு பொய்

“வாக்காளர் பட்டியலில் இருந்து உங்களை ஜூரியாகத் தேர்ந்தெடுத்துள்ளோம், 500 ரூபாய் கட்டாவிட்டால் கைது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்தது. மாமா பதறிப்போய், பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எந்த பஸ் என்று கேட்டார். நல்லவேளை, பணம் கட்டவில்லை.

ஜூரி என்றால் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. இந்தியாவில் குற்ற வழக்குகளுக்கு அந்த ஜூரியே கிடையாது. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை முற்றிலும் விட்டுவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இல்லை. பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் ஆள் எடுப்பது இங்கிலாந்து, அமெரிக்கா வழக்கம்.

நானாவதி வழக்கோடு ஜூரி ஒழிந்தது என்பார்கள். அதுவும் பாதிதான் சரி. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த அந்த 1959 வழக்கில், ஜூரி 8-1 என அவரை விடுவித்ததை உயர் நீதிமன்றம் மாற்றியது. ஆனால் பல மாகாணங்களில் அதற்கு முன்பே ஜூரி தேய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு ஏன், மணியாச்சியில் 1911-ல் நடந்த கலெக்டர் ஆஷ் கொலை வழக்கையே ஜூரி இல்லாமல் சென்னையில் மூன்று நீதிபதிகள்தான் விசாரித்தார்கள்.

பார்சி திருமண வழக்குகளில் மட்டும் ஜூரி சாயலில் சிலர் உட்காருவதுண்டு. மாமாவுக்கு அதில் வேலை இல்லை.

சரி, சாட்சி சம்மன் வரலாம்; அதில் வழக்கு எண் இருக்கும், ஜிபே எண் இருக்காது. பணம் கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.