ஒர்க்ஹவுஸில் குடும்பம் சேர்ந்திருக்கவில்லை

அயர்லாந்துப் பஞ்சத்துக்காகவே ஒர்க்ஹவுஸ்களை (வேறு வழியில்லாத ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதிகள்) திறந்து, குடும்பம் குடும்பமாகத் தங்கவைத்துச் சோறு போட்டு, இலவசமாகக் கப்பலும் ஏற்றிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. 1838 ஏழைகள் சட்டப்படி கட்டப்பட்டவை அவை, உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தொடங்கியது 1845இல்தான். வாசலிலேயே அப்பன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பையன்கள், பெண்கள் தனித்தனி என்று பிரித்துவிடுவார்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மட்டும் தாயோடு இருக்கலாம். சோறு என்பது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி. அதற்கும் 1847 முதல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் விட்டுக்கொடுத்தாக வேண்டும் (இதை எப்படி உதவி என்கிறீர்களோ!). கப்பல் கூலியைப் பெரும்பாலோர் தாங்களேதான் புரட்டினார்கள், அல்லது முன்னால் போன அண்ணனோ அக்காவோ அமெரிக்காவிலிருந்து அனுப்பினார்கள். நீங்கள் சொல்லும் இலவசப் பயணம் அநேகமாக 1848-50இல் ஒர்க்ஹவுஸ்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் அனாதைப் பெண்களுடையது. ஆளுக்கொரு மரப்பெட்டி, உள்ளே ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி ஷூ. குடும்பத்தோடு போனவர்கள் இல்லை அவர்கள்.